பங்சார் கடையில் கை நனைக்காத மதியம்

இந்த மலேசிய நாட்டில் முக்கியமான பேச்சு எதையும் வீட்டில் வைத்துப் பேசுவதில்லை. வேலைக்கு ஆள் எடுப்பதும், வீடு வாங்கி விற்பதும், சண்டை போட்டவர்கள் சமாதானமாவதும் சாப்பாட்டுக் கடையில்தான். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியவர் இறந்தபோதுகூட, கருமாதிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பதை அவருடைய பிள்ளைகள் பிரிக்பீல்ட்ஸ் முனைக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே பேசி முடித்தார்கள். நான் கப்பலேறி வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இது மட்டும் எனக்குப் பழகவே இல்லை. எங்கள் பக்கத்தில், அறந்தாங்கியில், கடையில் சாப்பிடுவது என்றால் கோர்ட்டுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ போனவர்கள் வேறு வழியில்லாமல் செய்கிற காரியம். அப்பா கிளப்புக்கடையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்று சொன்னால் அம்மா, "என்ன சாப்பிட்டீங்க" என்று கேட்கமாட்டாள். "கேசு என்னாச்சு" என்றுதான் கேட்பாள்.

அதனால்தான் என் மகள் வாசுகி ஒரு நாள் வேலை விட்டு வந்து, "ம்மா, வர சனிக்கெழம மத்தியானம் பங்சார்ல ஒரு கடையில டேபிள் சொல்லிட்டேன். ஜேசனோட அம்மா வராங்க. நீங்களும் அப்பாவும் வரணும்" என்றபோது எனக்கு அம்மாவின் 'கேசு என்னாச்சு'தான் ஞாபகம் வந்தது. அவள் சாதாரணமாகச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். ஆனால் ஒரு காலணியைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜேசன் சீனப் பையன். சுபாங் ஜெயாவில் வாசுகி வேலை பார்க்கும் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறான். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் எங்களிடம் சொன்னது பொங்கல் முடிந்த மறுவாரம். தகப்பன் இல்லாத பையன். தாய் கிள்ளான் பாசார் சந்தையில் காய்கறி விற்று அவனைப் படிக்க வைத்திருக்கிறாள். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை; பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த மண்ணில். அவர் அன்றைக்கே, "எனக்கு ஒன்னும் இல்லலா. பையன் நல்ல பையன். உங்கம்மா சரின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். பாரம் முழுவதும் என் தலைக்கு வந்து சேர்ந்தது.

"எதுக்குக் கடை? வீட்டுக்கு வரச் சொல்லேன்" என்றேன்.

"வீட்டுக்கு வந்தா அவங்க கூச்சப்படுவாங்க. நாம அங்க போனா நீங்க கூச்சப்படுவீங்க. இது சீனக் கடையும் இல்ல, நம்ம கடையும் இல்லம்மா. பன்னி கெடையாது, மாடு கெடையாது. எல்லா ஊர்ச் சாப்பாட்டையும் கலந்து பண்றாங்க. ஃபியூஷன்னு சொல்லுவாங்க. யாருக்கும் சங்கடம் இல்ல."

பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்து எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்துத் தேடி எடுத்திருக்கிறார்கள். ஆனால் நான் சங்கடப்பட்டது என்ன சமைப்பார்கள் என்பதற்காக இல்லை. அங்கே போனால் சாப்பிட வேண்டுமே என்பதற்காக.

இந்தப் பத்தியை இங்கே பிறந்தவர்களுக்காக எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால், பேச்சு முடிகிறவரை அந்தச் சனங்களிடம் கை நனைக்க மாட்டார்கள். தாம்பாளத்தில் பலகாரம் வரும், தண்ணீர் வரும், தண்ணீரைக் குடித்துவிட்டுப் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு மறுப்பது கிடையாது. என் அக்காவைப் பார்க்க ஒரு கூட்டம் காலையில் வந்தது. வெயில் ஏறி இறங்கும்வரை பேச்சு இழுத்தது. வந்தவர்களில் ஒரு பெரியவருக்குப் பசியில் கண் இருட்டி, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். அம்மா ஓடிப்போய் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் கொடுத்தாள். மடக்கு மடக்கென்று குடித்தார். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆனால் சாயங்காலம், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று எல்லோரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். "நம்ம வீட்டுல குடிச்சாரே" என்று அம்மா அழுதாள். "அடி, அது மருந்து. மருந்து கணக்குல வராது" என்றார் அப்பா. ஆறிப்போன வடைகளை நாங்கள்தான் இரவு தின்றோம்.

எனக்கு இந்தச் சட்டம் வேறு விதமாகவும் வேலை செய்தது. அதற்குள் அப்பா இறந்துபோயிருந்தார். அண்ணன்தான் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பத்தாவது வரை படிக்கவும் வைத்தார். மலேசியாவிலிருந்து ஒரு குடும்பம் மகனுக்குப் பெண் தேடி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு யாரோ எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். என் மாமனார் சின்ன வயதில் ஊரை விட்டுப் போனவர். உட்கார்ந்தார், கேசரி வந்தது, "நெய் வாசன தூக்குதே" என்று சொல்லி ஒரேயடியாய் வழித்துச் சாப்பிட்டுவிட்டார். இன்னும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூட வந்த பெரியவர் அவர் தொடையில் கிள்ளியதை நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அண்ணன் எழுந்து நின்று, "தட்டுல கை வச்சாச்சு. இனிமே பேச என்ன இருக்கு? நாள் பார்ப்போம்" என்றார். என் மாமனாருக்கு வழக்கம் மறந்துபோயிருந்தது என்பது அண்ணனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னார். அப்படித்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன்.

இப்போது அதே அண்ணனுக்கு ஒரு மகன் இருக்கிறான். செந்தில். வாசுகிக்கு முறைப்பையன். நாலு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி, வாசுகிக்குத் தலை பின்னிப் பூவை வைத்து, "எம் மருமவளப் பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பை அண்ணன் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அடுத்தடுத்த தொலைபேசிப் பேச்சுகளில் தெரிந்தது. "செந்திலுக்கு வர எடத்தையெல்லாம் வேணாம்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்பார். நான், "உம்" என்பேன். எதிரில் நின்று பேசுகிறவர்களிடமே எனக்கு வாய் வராது. கடல் தாண்டி எங்கிருந்து வரும்?

ஆகவே அந்தச் சனிக்கிழமை எனக்கு விஷயம் ஒன்றுதான். ஜேசனின் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டால், என் மகளை அவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று சொன்னதாகிவிடும். அண்ணனை விட்டேன் என்றும் ஆகிவிடும். சாப்பிடாவிட்டால் மகள் போய்விடுவாள்.

வாசுகி ஜேசனோடு கிள்ளானுக்குப் போய் அவன் அம்மாவை அழைத்து வருவதாக ஏற்பாடு. நானும் என் கணவரும் டாக்ஸியில் போனோம். பக்கத்தில்தான் பங்சார், நடந்தே போயிருக்கலாம். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வழியில் என் மனதில் இருந்ததைச் சொன்னேன்.

அவர் டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா அண்ணே? சம்பந்தம் முடியற வரைக்கும் கை நனைக்கக் கூடாதாம். அங்க முள்ளுக்கரண்டி குடுப்பாங்க சிவகாமி. கை எங்க நனையப் போவுது?"

"வெளையாடாதீங்க."

"வெளையாட்டு இல்ல. எங்கப்பா ஒரு தட்டு கேசரிய தின்னாரு, நான் ஆயுசுக்கும் மாட்டிக்கிட்டேன். உங்க சட்டம் எவ்ளோ பொல்லாதுன்னு எனக்குத் தெரியாதா?"

டிரைவரும் சிரித்தார். அவரும் தமிழர்தான். இறங்கும்போது, "சாப்புடுங்கக்கா, புள்ளைங்க சந்தோஷம்தான் முக்கியம்" என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊரில் இப்படி ஒரு விஷயத்தை டிரைவரிடம் சொல்வார்களா?

கடை சின்னது. ஏழெட்டு மேசைகள்தான் இருக்கும். சுவரில் கரும்பலகை மாட்டி, அன்றைய பதார்த்தங்களைச் சாக்குக்கட்டியால் எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் சமையல் படித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் நடத்துகிறார். அவரே சமைத்து, அவரே மேசைக்கு வந்து என்னென்ன என்று விளக்கினார். கறிவேப்பிலையும் நெத்திலியும் போட்டு வதக்கிய ஸ்பெகெட்டி. இட்லியைத் துண்டு போட்டு வறுத்து மேலே தக்காளியும் சீஸும். ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவுக்குள் சீனக் காளானை வைத்துச் சுருட்டியது. முதலில் கண்ணாடிக் கோப்பையில் ரசம் வந்தது. மேலே பால் நுரை மாதிரி ஏதோ மிதந்தது. ரசத்தைச் சோறு இல்லாமல், அதுவும் எடுத்த எடுப்பில், எங்கள் வீட்டில் காய்ச்சல்காரர்களுக்குத்தான் கொடுப்போம். எல்லாமே எனக்குத் தெரிந்த சாமான்கள்தான். கறிவேப்பிலை தெரியும், நெத்திலி தெரியும், இட்லி தெரியும். ஆனால் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகள் யார் வீட்டிலோ வேறு சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல அவை தட்டில் இருந்தன.

ஜேசனின் அம்மா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட வயதில் கொஞ்சம் மூத்தவர். தலைமுடியை அலங்காரக் கடையில் சுருட்டிக்கொண்டு வந்திருப்பது தெரிந்தது. அடிக்கடி அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையில் பச்சைக்கல் வளையல். விரல் நுனிகளில் காய்கறிக் கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்கும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் பாசார் மலாய் கொஞ்சம் வரும். ஆனால் அவர் என்னைப் பார்த்ததும் பேசியது மலாய் இல்லை.

"கத்திரிக்கா, வெண்டிக்கா, முருங்கக்கா, நல்லா இருக்கு, அக்கா" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான், கிள்ளானில் தமிழ்ப் பெண்களுக்கு விற்று விற்று அவர் படித்த தமிழ் முழுவதையும் எனக்காக எடுத்து வைக்கிறார் என்று தெரிந்தது. ஜேசனுக்குக் காது சிவந்துவிட்டது. "மா..." என்று இழுத்தான். என் கணவர் மேசையைத் தட்டிச் சிரித்து, "கீலோ எவ்வளவு, அக்கா?" என்று கேட்டார். அந்த அம்மாவும் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். பதிலுக்குச் சொல்ல எனக்குச் சீன மொழியில் ஒரு காயின் பெயர்கூடத் தெரியாதே என்ற எண்ணம்தான் வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்துகொண்டேன்.

ஸ்பெகெட்டி வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள். என் தட்டில் வாசுகி கொஞ்சம் வைத்தாள். நான் முள்ளுக்கரண்டியால் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். அப்புறம் பெரிய மீன் ஒன்று முழுசாக வந்தது. இங்கே சியாக்காப் என்பார்கள், நம் ஊர்க் கொடுவா. சீனர் முறைப்படி இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்து, புளியும் மிளகாயும் கரைத்த குழம்பை ஊற்றி, அதற்கு மேல் சீஸை உருக்கி விட்டிருந்தார்கள். கடைக்காரர் மூன்று விரலைக் காட்டி மூன்று நாடு ஒரே தட்டில் என்று சொல்லிவிட்டுப் பெருமையாக நின்றார்.

ஜேசனின் அம்மா மீனைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஒரு சின்ன உருண்டைச் சதை இருக்கும். மீனிலேயே ருசியான இடம் அது. அதை எடுப்பதற்கு முன், தன் வாயில் பட்ட கரண்டியைத் திருப்பிப் பிடித்து, காம்புப் பக்கத்தைத் துணியால் துடைத்து, அதனால் பக்குவமாகப் பெயர்த்தார். என் தட்டில் கொண்டுவந்து வைத்தார். எச்சில் படக்கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எங்கள் சனங்களுக்கு அது முக்கியம் என்று விசாரித்தாரா, அல்லது அவர்களிடமும் அந்தச் சுத்தம் உண்டா? எனக்குத் தெரியவில்லை. "மாக்கான், அக்கா" என்றார். சாப்பிடுங்கள் என்று அர்த்தம்.

நான் சாப்பிடவில்லை.

வாசுகி பார்த்தாள். என் கணவர் பார்த்தார். அவர் வழக்கம்போல, "அவ முதல்ல எல்லாத்தையும் கண்ணால சாப்புடுவா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். மீன் ஆறிக்கொண்டே வந்தது. மேலே இருந்த சீஸ் தோல் மாதிரி சுருங்கியது. ஜேசனின் அம்மாவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நான் குனிந்தபடியே உணர்ந்தேன். அவர் மெதுவான குரலில் மலாயில் சொன்னார்: "இங்கே பன்றி இல்லை, அக்கா. நான் முதலிலேயே கேட்டுவிட்டேன். பாத்திரமும் சுத்தம்."

நான் அவரை அருவருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொன்னால், 'இன்னும் உங்கள் மகனுக்குச் சம்மதம் சொல்லவில்லை' என்பதையும் சேர்த்தே சொன்னதாகும். அதைவிட அருவருப்பே மேல் என்றுகூட இருந்தது.

வாசுகி குனிந்து என் காதருகே, "ம்மா, ஒரு வாய். ஒரே ஒரு வாய். அசிங்கப்படுத்தாதீங்க" என்றாள்.

"சாக்கிட் பெருட்" என்றேன். வயிற்று வலி. எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த மலாய் அவ்வளவுதான்.

அந்தப் பொய்யோடு விஷயம் முடியும் என்று நினைத்தேன். ஜேசனின் அம்மாவோ, "ஐயோ" என்று நம் ஆட்கள் மாதிரியே சொல்லி எழுந்துவிட்டார். கைப்பையிலிருந்து மருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு நேராகச் சமையலறைக்குள் போனார். உள்ளே அவருடைய குரலும் கடைக்காரருடைய குரலும் மாறி மாறிக் கேட்டன. அந்தப் பிள்ளை ஏதோ மறுப்பதும், இந்த அம்மா பாசாரில் பேரம் பேசுகிற தோரணையில் அதட்டுவதும். ஜேசன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கிச்சனைப் பிடிச்சிட்டாங்கலா" என்றார் என் கணவர். ஒருவரும் சிரிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு கிண்ணத்தோடு வந்தார். முகமெல்லாம் ஆவியும் வேர்வையும். சுருட்டி வந்த முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. "பூபோர்" என்றார். கஞ்சி. வெள்ளைக் கஞ்சி, உப்பு மட்டும். நம் வீட்டில் எப்படி வைப்போமோ அதேதான். அந்தக் கடையிலேயே எந்த நாட்டோடும் கலக்காத பதார்த்தம் அது ஒன்றுதான் இருந்திருக்கும்.

நான் குடித்தேன். முழுவதும் குடித்தேன். ஒவ்வொரு கரண்டிக்கும் அந்த அம்மா தலையை ஆட்டினார். குடிக்கும்போதே எனக்குள் ஒரு குரல், 'இது மருந்து, கணக்கில் வராது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. இந்த அம்மாவுக்கு நான் சாப்பிட்டேன். என் அண்ணனுக்கு நான் சாப்பிடவில்லை. இரண்டு பக்கமும் தப்பித்துவிட்டேன் என்று ஒரு நிம்மதி வந்தது. நிமிர்ந்தபோது வாசுகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பெண் பார்க்க வந்த கதையை அவள் சின்ன வயதில் என் வாயால் எத்தனையோ தடவை கேட்டுச் சிரித்தவள்.

கிளம்பும்போது ஜேசனின் அம்மா மிச்ச மீனையெல்லாம் பொட்டலம் கட்டச் சொன்னார். என் தட்டில் இருந்த கன்னத்துச் சதையையும் மறக்காமல் அதில் எடுத்து வைத்தார். இந்த ஊரில் யாரும் மீதியை விட்டுவிட்டுப் போவதில்லை. பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், மலாயில் சொன்னார்: "வயிறு சரியானதும் சாப்பிடுங்கள். என் பையனுக்குப் பேசத் தெரியாது, மனசு நல்லது. என் கணவரின் அண்ணன், இந்தக் கல்யாணம் நடந்தால் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமைதான் எனக்கு வியாபாரம். கடையைச் சாத்திவிட்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான், "தெரிமா காசே" என்று நன்றி மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசுகி பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "மருந்தாதானே குடிச்சீங்க?" என்றாள்.

நான் புடவைத் தலைப்பிலிருந்து ஊசியைக் கழற்றத் தொடங்கினேன்.

"சாப்புடுங்க, இல்லன்னா சாப்புட மாட்டேன்னு சொல்லுங்க. ரெண்டுல எத சொன்னாலும் எனக்குப் புரியும்மா. அவங்க அடுப்படியில வேர்த்துப் போயி நிக்கிறாங்க, நீங்க கணக்கு பாத்துக் குடிக்கிறீங்க."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என் கணவர் பேப்பரை விரித்துக்கொண்டார். வேடிக்கை பேசுகிறவர் பேசாமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. அங்கே இருப்பவர்கள் வழக்கத்தைக் கொஞ்சம் வளைத்தால் யாரும் கேட்கமாட்டார்கள். எல்லோருமாகச் சேர்ந்துதான் வளைப்பார்கள். தூரத்தில் இருக்கிற நாம் வளைத்தால், 'போன இடத்தில் மாறிவிட்டாள்' என்றாகிவிடும். அதனால் அங்கே தளர்ந்துபோனதைக்கூட நாம் இங்கே இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என் மாமனார் எல்லாவற்றையும் மறந்துவிட்டு நிம்மதியாகக் கேசரி சாப்பிட்டார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் கணவர் கோயிலுக்குப் போயிருந்தார். வாசுகியின் அறைக்கதவு சாத்தியே இருந்தது. நான் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். குழம்பு கட்டியாக உறைந்திருந்தது. சட்டியில் போட்டுச் சுடவைத்தேன். பழைய சோறு கொஞ்சம் இருந்தது. அதைத் தட்டில் போட்டு, மீனை வைத்துக்கொண்டு, அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். இது என் வீடு. என் வீட்டில் நான் எதைச் சாப்பிட்டாலும் அது சம்மதம் ஆகாது என்று இன்னொரு கணக்கும் எனக்குத் தெரியும். அதையும் நினைத்துப் பார்த்தேன். முடிச்சுப் போடும்போது என்னைப் பார்க்காமல் பேசிய அந்த முகத்தையும் நினைத்தேன். முதல் கவளத்தில் அந்தக் கன்னத்துச் சதையைச் சேர்த்துப் பிசைந்து வாயில் வைத்தேன். சீஸும் புளியும் சேர்ந்த ருசி நாக்கில் பிடிபடவில்லை. இஞ்சி மட்டும் தெரிந்தது. வாய்க்கு வாய் நிறுத்தி, மருந்து இல்லை, மருந்து இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவினால் தைரியமும் சேர்ந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்று பயமாக இருந்தது. கூடத்துக்குப் போய், இடது கையால் தொலைபேசியை எடுத்து, அண்ணன் கடை நம்பரைச் சுழற்றினேன். அங்கே அப்போதுதான் கடை திறந்திருப்பார்கள். வாசுகியின் கதவு திறந்த சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அலோ... யாரு, சிவகாமியா?" அண்ணன் தொலைபேசியில் எப்போதும் கத்தித்தான் பேசுவார். "என்னம்மா இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன் அண்ணே."

"என்ன பலகாரம்?"

"பழைய சோறும் மீனும்."

"விடிஞ்சும் விடியாம மீனா? நேத்து வச்சதா?"

"நான் வைக்கல அண்ணே. வாசுகிய ஒரு பையன் கேக்குறான். சீனப் பையன். அவங்கம்மா குடுத்துவிட்டது."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் அண்ணன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "கை நனைச்சிட்டியா?" என்றார்.

"நனைச்சிட்டேன் அண்ணே."

அந்தப் பக்கம் யாரோ கால் கிலோ புளி கேட்டார்கள். தராசுத் தட்டு கல்லில் இடிக்கும் ஓசை கேட்டது. "இந்தா தரேன்" என்று அவரிடம் சொன்னார் அண்ணன். தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. புளியை நிறுத்துப் பொட்டலம் மடிக்கிற சரசரப்பை இடது காதில் கேட்டுக்கொண்டு, வலது கை புடவையில் பட்டுவிடாமல் எட்டிப் பிடித்தபடி நின்றேன். விரல்களில் குழம்பு காய்ந்து தோலை இழுக்கத் தொடங்கியிருந்தது.